விலைக்குறிப்பும் வரலாறும்: உரோம நாணய விற்பனை எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

1

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், நாடகம் என்பனவற்றையே நாம் பெரும்பாலும் மனங்கொள்கிறோம். ஆயின் ஒரு சமுதாயத்தின் மனப்பாங்கு அதன் காவியங்களில் மட்டும் வெளிப்படுவதில்லை. அதன் விளம்பரங்களும் விலைப்பட்டியல்களும் அதனைக் காட்டுவனவே. கலைப்படைப்பிலே கவனத்துடன் மறைக்கப்படும் உண்மை, சில வேளைகளில் வாணிக எழுத்திலே தன்னையறியாமல் வெளிப்பட்டுவிடுதலும் உண்டு. இக்கருத்தினை அடிப்படையாகக் கொண்டு, இன்று இணையவழி விற்கப்படும் பண்டைய உரோம நாணயங்களுக்கு வணிகர் எழுதும் குறிப்புகளை ஓர் எழுத்து வகையாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்குறிப்புகள் எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லாது விடுகின்றன, அம்மௌனத்தால் யாருக்கு என்ன இழப்பு என்பனவே ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள். பண்டை ஈழத்தின் வணிக வரலாற்றைப் பயில்வோருக்கு இவ்வினாக்கள் எட்டத்தில் உள்ளவையல்ல என்பது பின்னர்ப் புலனாகும்.

பழங்காசு சேகரித்தல் புதிய பழக்கமன்று. அகஸ்டஸ் பேரரசன் விழாக்காலங்களிலே பழைய அரசர் காலத்துக் காசுகளையும் பிறநாட்டுக் காசுகளையும் பரிசாக வழங்கினான் என அவனது வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் கூறுவர். 1354 இல் மந்துவா நகரிலே நான்காம் சார்ள்ஸ் மன்னனைச் சந்தித்த இத்தாலியக் கவிஞர் பெத்ராக், உரோமப் பேரரசரின் உருவம் பொறித்த காசுகளை அவனுக்குக் கையளித்து, அவர்களைப் பின்பற்றுமாறு வேண்டிக்கொண்டார். மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் நாணயப் பேழை மன்னரதும் பிரபுக்களதும் மதகுருமாரதும் உடைமையாகவே இருந்தது. கற்றோன் என்பதற்கும் செல்வன் என்பதற்கும் அஃது ஒருங்கே அடையாளமாயிற்று.

1995 இல் ஈபே என்னும் இணைய ஏலக்களம் தோன்றியதும், அதனையடுத்து நாணயத்துக்கெனவே தனிச் சந்தைகள் இணையத்தில் எழுந்ததும் இந்நிலையை மாற்றின. இன்று மாதச் சம்பளம் பெறும் ஓர் எழுதுவினைஞரும் தம் வீட்டிலிருந்தவாறே கொன்ஸ்தந்தைன் காலத்துச் சிறு செப்புக் காசொன்றைச் சில டொலர் கொடுத்துப் பெறலாம். பிரபுத்துவத்தின் பேழைக்குள் அடைபட்டிருந்த பொருள் பொதுமக்களின் கைக்கு வந்தமை ஒருவகையில் சனநாயகப்பாடே. பதினேழு நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒரு போர்வீரனோ காய்கறி விற்றவளோ கையிலே வைத்திருந்த காசினைத் தன் கையிலே வைத்துப் பார்ப்பவர் அடையும் வியப்பு மெய்யானது. அதனை எள்ளி நகையாடுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயின் எந்தப் பொருள் சந்தைக்கு வந்தாலும் அதனுடன் ஒரு மொழியும் வருகிறது. அம்மொழியே நமது ஆய்வுப்பொருள்.

2

விற்பனைக் குறிப்பு ஒன்றின் அமைப்பினைச் சற்று விரிவாக நோக்குவோம். எடுத்துக்காட்டாகத் திபேரியஸ் பேரரசனின் (கி.பி. 14-37) வெள்ளித் தெனாரியஸ் ஒன்றைக் கொள்ளலாம். முகப்பிலே வாகை சூடிய தலை. பின்புறத்திலே செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவம், சுற்றிவரத் தலைமைக்குரு என்னும் பட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் எழுத்துக்கள். குறிப்பின் முற்பகுதி அரசன் பெயர், ஆண்டு, உலோகம், அச்சாலை, நூறிலொரு கிராம் வரை கணக்கிட்ட நிறை, மில்லிமீற்றரில் விட்டம் என்பவற்றை வரிசையாகத் தரும். தொடர்ந்து, 1923 இல் முதற் பாகமும் 1994 இல் பத்தாம் பாகமும் வெளிவந்த உரோமப் பேரரசு நாணயப் பட்டியலின் இலக்கம் குறிக்கப்படும். அப்பட்டியலை அடியொற்றி அமெரிக்க நாணயவியற் கழகம் 2012 இல் இணையத்தில் தொடக்கிய தரவுத்தொகுதியும் இன்று எவருக்கும் கிடைப்பதாதலால், வணிகரின் இப்பகுதி பெரும்பாலும் பிழையற்றதாகவே இருக்கும். இது விஞ்ஞானத்தின் நடை. வினைச்சொற்கள் அருகிப் பெயர்ச்சொற்களும் எண்களுமே நிறைந்த நடை. இந்நடை வாசகன் உள்ளத்தே நம்பிக்கையை விளைவிக்கிறது.

அடுத்து வருவது பெயரடைகளின் பகுதி. வெள்ளியின்மீது காலத்தால் படிந்த கருமையை வானவில் எனவும், செம்பின்மீது படர்ந்த களிம்பை மரகதம் எனவும், ஒட்டிய மணலைப் பாலைவனத்தின் கொடை எனவும் அது வருணிக்கும். பழங்காலத்துக் காவியப் புலவன் தலைவியை அடிமுதல் முடிவரை வருணித்தமை போல, இங்கு காசு கேசாதிபாதமாக வருணிக்கப்படுகிறது. நடை இங்கே விஞ்ஞானத்தினின்றும் விலகி அணியிலக்கணத்தை நாடிவிடுகிறது.

மூன்றாவது பகுதி கதை. மேற்கூறிய திபேரியஸ் காசு சந்தையிலே வரிக்காசு என்னும் பெயரால் வழங்கும். இராயனுக்கு வரி கொடுத்தல் தகுமோ என வினவியோரிடம் இயேசு காசொன்றைக் காட்டும்படி கேட்டதாக மூன்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. அக்காசு இதுவே என்பது வணிகக் கதை. சுவிசேஷங்களோ தெனாரியஸ் என்றும், அதில் இராயனின் உருவமும் எழுத்தும் இருந்தன என்றும் மட்டுமே கூறுகின்றன. எந்த இராயன், எந்த அச்சு என்பன அவற்றில் இல்லை. அகஸ்டஸின் காசாகவும் அஃது இருந்திருக்கலாம். எனினும் அக்கதையாலேயே இக்காசு தன்னையொத்த ஏனைய தெனாரியஸ்களைவிட அதிக விலை பெறுகிறது. வாங்குபவர் விலை கொடுப்பது நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த வெள்ளிக்கன்று. நம்பிக்கைக்கும் பக்திக்கும் கொடுக்கும் விலை அது. பண்டத்தின் விலை அதன் பயனிலோ அதில் அடங்கிய உழைப்பிலோ தங்கியிராமல், அதனைச் சுற்றிப் பின்னப்பட்ட மாயையிலே தங்கிவிடுதலை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது எனலாம்.

இறுதியாக ஒரு வரி வரும். பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து பெறப்பட்டது என்பது அதன் பொதுவான வாய்பாடு. சிற்சில குறிப்புகளில் அவ்வரியும் இராது. நூறிலொரு கிராம் வரை துல்லியமாகப் பேசிய குரல், அக்காசு எந்த மண்ணிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்ற வினாவின் முன்னே ஒரு கண்டத்தின் பெயரோடு அமைந்துவிடுகிறது. எவருடைய சேகரிப்பு, எந்த ஆண்டு, எந்த ஊர் என்பன இல்லை. முற்பகுதியின் துல்லியமும் பிற்பகுதியின் மழுப்பலும் ஒரே குறிப்பில் அருகருகே நிற்கின்றன. இம்முரணே இவ்வெழுத்து வகையின் உயிர்நிலை.

இங்கு இன்னுமொன்றையும் கவனித்தல் வேண்டும். காசு போலியன்று என்பதற்கு வணிகர் வாழ்நாள் முழுவதற்குமான உத்தரவாதம் அளிப்பர். பதினாறாம் நூற்றாண்டிலே பாதுவா நகரில் உரோமக் காசுகளின் பாங்கில் அச்சுவெட்டிய கவீனோவிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தான் செய்த போலிகளுக்குப் பழமைத் தோற்றம் தர அவற்றைத் தன் வண்டியின் கீழே இரும்புத் தூளுடன் கட்டி ஓட்டியதாகக் கூறப்படும் பெக்கர் வரை, போலிகளின் வரலாறு நீண்டது. அதனால் வாங்குவோருக்கு அச்சம் உண்டு; அச்சத்துக்கு உத்தரவாதமும் உண்டு. மெய்யோ பொய்யோ என்ற வினாவிற்கு விடை தரும் சந்தை, எங்கிருந்து வந்தது என்ற வினாவிற்கு உத்தரவாதம் தருவதில்லை. முதல் வினா வாங்குபவரின் பணத்தைப் பற்றியது. இரண்டாவது பிறர் வரலாற்றைப் பற்றியது என்பதே இதற்குக் காரணமாம்.

3

கண்டெடுத்த இடம் தெரிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். 2010 இல் இங்கிலாந்தின் சமசெற் மாவட்டத்திலே, புரூம் என்னும் ஊரின் அருகில், உலோகங்காணி கொண்டு தேடிய ஒருவர் பெரிய மட்பானையொன்றிலே காசுகள் இருக்கக் கண்டார். அவர் அவற்றைத் தாமே வாரியெடுக்காமல் தொல்லியலாளருக்கு அறிவித்தார். 52,503 காசுகள் அடுக்கடுக்காகப் பிரித்து எடுக்கப்பட்டன. அவற்றுட் காலத்தால் மிகப் பிந்தியவை பிரித்தானியாவிலே தனியரசு நடத்திய கரோசியஸின் காசுகள். பல்லாண்டுக்காலம் சிறிது சிறிதாகச் சேமித்த பானையாயின் அவை மேலடுக்கிலே இருத்தல் வேண்டும். அவற்றின் பெரும்பகுதியோ பானையின் பாதி ஆழத்துக்கும் கீழே கிடந்தது. ஏறத்தாழ 160 கிலோகிராம் எடையைத் தாங்கித் தூக்கக்கூடிய பானையன்று அது. ஆதலால் வெறும்பானை முதலில் குழியிலே வைக்கப்பட்டுப் பின்னரே நிரப்பப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றிலிருந்து, இது திருடருக்கு அஞ்சி ஒளித்த சேமிப்பாகாமல் தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாகவும் இருக்கலாம் என்னும் கருத்து எழுந்தது. காசுகள் தனித்தனியே விற்பனைக்கு வந்திருப்பின் 52,503 விலைக்குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கும். ஒரு சமூகத்தின் வழிபாட்டைப் பற்றிய இந்த ஒரு செய்தி கிடைத்திராது.

எதிர்மறையான எடுத்துக்காட்டும் உண்டு. யூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ், அக்கொலையின் நினைவாக இரு குறுவாள்களுக்கிடையே விடுதலைத் தொப்பி பொறித்து வெளியிட்ட காசு உலகப் புகழ் பெற்றது. அதன் பொற்காசு ஒன்று 2020 ஒக்டோபரில் இலண்டன் ஏலமொன்றிலே மூன்று மில்லியன் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அஃது ஒரு பழைய சுவிற்சர்லாந்துப் பிரபுவின் சேகரிப்பிலிருந்து வந்ததெனக் குறிப்பு கூறிற்று. அக்கூற்று பொய்யென நியூயோர்க் அரசவழக்குத் தொடுநர் காட்டியதைத் தொடர்ந்து, 2023 மார்ச்சிலே அக்காசு கிரேக்க நாட்டிற்குத் திருப்பியளிக்கப்பட்டது. மேலே நாம் கண்ட வாய்பாடு எவ்வளவு எளிதிற் புனையப்படத்தக்கது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயின் விலையுயர்ந்த காசு பற்றியே பேசுவது பிரச்சினையின் ஒரு பக்கத்தை மட்டும் காண்பதாகும். பெருவிலைக் காசுகள் பலவற்றிற்குப் பழைய ஏலப்பட்டியல்களிலே படமும் பெயரும் உண்டு. அவற்றின் பயணத்தைப் பின்தொடர முடியும். சில டொலருக்கு விற்கப்படும் சிறு செப்புக் காசுக்கு அத்தகைய பதிவெதுவும் இல்லை. மலிவானதாதலால் எவரும் அதற்கு ஏடு எழுதுவதில்லை. அதனிலும் மேலாக, துப்புரவு செய்யப்படாத காசுகள் என்ற பெயரில் மண்ணொட்டிய காசுகள் எண்ணிக்கைக் கணக்கிலே விற்கப்படுகின்றன. வாங்குபவர் அவற்றை வடிநீரிலோ ஒலிவெண்ணெயிலோ ஊறவைத்து, மண் கரைய முகம் தோன்றுவதைக் கண்டு மகிழ்கிறார். அம்மகிழ்ச்சி விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் நெடுங்காலம் பேழையிலே பேணப்பட்ட காசிலே மண் இருப்பது அரிது. அந்த மண், தான் அண்மையிலே தோண்டி எடுக்கப்பட்டதை உரக்கக் கூறும் சாட்சி. பொழுதுபோக்காளர் தம் கையாலேயே அச்சாட்சியைக் கழுவிவிடுகிறார். பெருஞ்செல்வரின் ஏலத்திலன்றி, எளியோரின் இந்தச் சிறு கொள்வனவுகளிலேயே வரலாற்றிற்கு நேரும் இழப்பு அளவிற் பெரிது என்பது எமது கருத்து.

4

இனி நமது மண்ணிற்கு வருவோம். உரோமக் காசு பற்றிய மிகப் பழைய இலக்கியக் கதைகளுள் ஒன்று இலங்கையைக் களமாகக் கொண்டது. கிளோடியஸ் பேரரசனின் காலத்திலே, அன்னியஸ் பிளோக்காமஸ் என்பானின் விடுதலையடிமை ஒருவன் காற்றால் அலைக்கப்பட்டு இத்தீவின் துறையொன்றை அடைந்தான் எனவும், அவனிடமிருந்த தெனாரியஸ்கள் வெவ்வேறு அரசரின் உருவம் கொண்டிருந்தும் ஒரே நிறையினவாக இருத்தல் கண்டு இந்நாட்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தான் எனவும் பிளினி எழுதினார். ஐந்து நூற்றாண்டின் பின் கொஸ்மஸ் என்பார் இதனையொத்த மற்றொரு கதையைக் கூறுகிறார். அதிலே இலங்கை மன்னன் உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் ஒப்புநோக்கி, உரோம மன்னனே பெரியவன் எனத் தீர்க்கிறான். இரண்டும் ஒரே கதைக்கூறு. தொலைதேயத்து மன்னன் ஒருவன் வாயால் தம் அரசைப் புகழவைக்கும் உத்தி இது. பிளினி கூறிய பிளோக்காமஸ் குடும்பம் கற்பனையன்று. அக்குடும்பத்து அடிமை ஒருவனின் பெயர் பொறித்த, கி.பி. 6 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு எகிப்தின் கீழைப் பாலைவனத்திலே உளது. எனினும் மன்னன் வியந்தமை பற்றிய பகுதியை வரலாறு என்று அவ்வாறே ஏற்றல் இயலாது.

இவ்விலக்கியக் கூற்றை எதனைக்கொண்டு சோதிப்பது? நிலத்திற் கிடைத்த காசுகளைக் கொண்டே சோதிக்கலாம். ஜோன் ஸ்டில் 1907 இலும், கொட்றிங்ரன் 1924 இலும் இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளை இடஞ்சுட்டித் தொகுத்தமையால், கதைக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளி நமக்குத் தெரிகிறது. பிளினி காலத்து வெள்ளிக் காசுகள் இங்கு மிகச் சிலவே. கொஸ்மஸ் போற்றும் பொற்காசுகளும் அருமை. ஆயிரக்கணக்கிலே கிடைப்பவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் தேய்ந்த சிறு செப்புக் காசுகளும், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட படிகளுமாம். நூல்கள் வெள்ளியையும் பொன்னையும் பாடுகின்றன. மண் செம்பைக் காட்டுகிறது. தென்னிந்தியாவிலோ, குறிப்பாகக் கோயம்புத்தூர்ப் பகுதியிலே, அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் குவியல்களாகக் கிடைத்துள்ளன. யவனர் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றமை பற்றிய அகநானூற்றுச் செய்தியும் அவ்வணிகத்தையே சுட்டுவது. முற்காலத்து உரோமர் இலங்கையுடன் நேரே வணிகஞ் செய்தனரா, தமிழகத்துத் துறைகள் வழியே இலங்கைப் பொருள்களைப் பெற்றனரா என்னும் வினா இவ்வேறுபாட்டிலிருந்தே எழுகிறது. கண்டெடுத்த இடங்கள் பதியப்பட்டிராவிடின் இவ்வினாவே எழுந்திராது.

1898 இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே கிடைத்த 501 பொற்காசுகள் இன்னுமொரு பாடம் புகட்டுவன. அவற்றுட் பெரும்பாலானவற்றிலே அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. காசாகச் செல்லாமலாக்கிப் பொன்னாகவே கொள்ளுதற்கு வெட்டினர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இன்றைய சந்தையிலே அத்தகைய வெட்டு ஒரு குறைபாடு. விலையைத் தாழ்த்தும் பழுது. வரலாற்று மாணவனுக்கோ அந்த வெட்டே காசின் மிக அரிய எழுத்து. முகப்பும் பின்புறமும் உரோமின் வாசகம். வெட்டு தமிழகத்தின் வாசகம். வாங்கியவன் பேரரசனை வணங்கவில்லை, பொன்னையே நிறுத்தான் என்பதை அது கூறுகிறது. பிளினியின் கதையிலுங்கூட மன்னன் கவனித்தது உருவத்தையன்று, நிறையையே என்பதை ஒப்புநோக்குக. காசுகள் ஒருசேரக் கிடைத்து ஒருசேர வெளியிடப்பட்டமையால்தான் வெட்டு தற்செயலன்று, வழக்கம் என்று துணிய முடிந்தது. தனியே கிடைத்திருப்பின் அஃது ஒரு பழுது மாத்திரமே.

இன்று இணையச் சந்தையிலே இலங்கைச் செப்புப் படிகளும் விற்பனைக்கு வருகின்றன. இலங்கையிற் செய்யப்பட்டவை என்ற அளவில் அவற்றின் ஊர் முடிந்துவிடுகிறது. எந்தத் துறை, எந்தக் குளக்கரை, உடன் கிடைத்தவை எவை என்பன போய்விட்டன. அவை மாதோட்டத்துக்கு உரியனவா, மாத்தறைக்கு உரியனவா என இனி எவரும் சொல்லமாட்டார். எழுத்துச் சான்று குறைந்த நமது பண்டை வரலாற்றிற்கு இஃது ஏடொன்று எரிந்ததற்கு ஒப்பாகும்.

5

சேகரிப்போர் தரப்பிலே கூறப்படும் நியாயங்களையும் நேர்மையுடன் ஆராய்தல் வேண்டும். நாணயவியல் என்னும் துறையையே வளர்த்தவர் சேகரிப்போர் என்பர். அது பெருமளவு மெய். காசுகள் பல்லாயிரக்கணக்கிலே அச்சிடப்பட்டவை, அருங்காட்சியகங்கள் அனைத்தையும் ஏற்கமாட்டா என்பர். அதுவும் மெய். ஆயின் காசு பலவாக இருத்தல் அவை கிடைக்கும் இடங்களும் பலவாதலைக் குறிக்காது. ஒரு புதையல் ஒருமுறைதான் திறக்கப்படும். தடைச்சட்டம் மட்டும் போதாது என்ற வாதத்திலும் உண்மையுண்டு. இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுச் சட்டமும் அனுமதியின்றித் தொல்பொருளை நாடுகடத்தலைத் தடுக்கின்றன. ஐக்கிய அமெரிக்கா சைப்பிரசிலிருந்து வரும் பண்டைக் காசுகளுக்கு 2007 இலும், இத்தாலியக் காசுகளுக்கு 2011 இலும் இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. எனினும் சந்தை நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுப் புதையற் சட்டமோ கண்டெடுத்தவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று விதிப்பதுடன், அரும்பொருளகம் ஏற்றுக்கொண்டால் அவருக்கும் நிலவுடைமையாளருக்கும் வெகுமதி வழங்கவும் இடமளிக்கிறது. புரூம் புதையல் தொல்லியலாளர் கைக்கு வந்த சூழலை உருவாக்கியதில் அச்சட்டத்துக்குப் பங்குண்டு. தண்டனையோடு மதிப்பும் இருக்குமிடத்திலே உழவனும் கூலியாளும் வரலாற்றின் பங்காளராவர். தண்டனை மட்டும் இருக்குமிடத்திலே அவர்கள் வாய்மூடுவர், இடைத்தரகன் பேசுவான்.

ஆகவே சேகரிப்பவர் யாவரும் குற்றவாளிகள் எனல் பொருந்தாது. அவர் வாசகர், வாசகருக்கும் பொறுப்புண்டு. பெயரற்ற சேகரிப்பைக் குறிக்கும் வரியைக் கண்டதும் எவருடையது, எந்த ஆண்டு எனக் கேட்டல், விடை கிடையாவிடின் வாங்காது விடுதல், வாங்கியதன் பழைய உறைகளையும் சீட்டுகளையும் காசுடனேயே பேணுதல், மண்ணொட்டிய காசை மலிவென்று கொள்ளாமை என்பன அப்பொறுப்பின் பகுதிகள். வாங்குவோர் கேளாத வினாவிற்கு விற்போர் விடை தேடார். கேட்போர் தொகை பெருகுமாயின் குறிப்பின் இறுதி வரி மாறியே தீரும். யுனெஸ்கோவின் 1970 ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முற்பட்ட பதிவுடைய காசுகளை வணிகர் அதனைக் குறிப்பிட்டே விற்பது அம்மாற்றத்தின் தொடக்கமாகும்.

நமக்கும் ஒரு கடமையுண்டு. கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் வெளிப்படும் காசினை, எடுத்த இடமும் ஆழமும் உடன் கிடைத்த ஓட்டுத்துண்டும் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவிக்கும் பழக்கத்தை ஊர்தோறும் ஏற்படுத்துதல் மாணவராலும் ஆகக்கூடியது. நாணயம் என்னும் சொல் தமிழிலே காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது. விற்பனைக் குறிப்புகளில் முதற்பொருள் நூறிலொரு கிராம் வரை நிறுக்கப்படுகிறது. இரண்டாவதும் அவ்வாறே நிறுக்கப்படும் நாள்வரை அவ்வெழுத்தை அரை உண்மையின் இலக்கியம் என்றே கொள்ளல் வேண்டும்.